எந்த ஸ்பீக்கரிலும் கேட்காத தாளம்

"படிச்ச காதுக்கு மட்டும் வேற மாதிரி கேக்குமா?"

ஷோரூமில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். சொந்தம் இல்லை. ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அவர் கேட்டபோது முதலாளி கல்லாவில் இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நீலசந்திராவில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவளே நான் ஒருத்திதான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா தொம்மலூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அதே தொம்மலூரில், அம்மா வேலைக்குப் போகும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஷோரூமில் நின்று நான் ஹோம் தியேட்டர் விற்றேன். என் காதைச் சந்தேகப்படுகிறவர் என் படிப்பையே சந்தேகப்படுகிறார் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

ஆனால் காது என்று வந்தால் எங்கள் சந்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

கண்ணால் பார்த்துப் பொருள் வாங்குவது ஏமாளிகளின் வேலை என்பார். தேங்காயை மற்றவர்கள் போல ஆட்டிப் பார்க்க மாட்டார். நகத்தால் ஒரு சுண்டு, தலையில் லேசாக ஒரு சாய்வு. "இது முத்தல். இது எளசு. இது ரெண்டு நாள்ல அழுவும்." தர்பூசணிக்கும் அவர்தான், பழைய ஸ்கூட்டருக்கும் அவர்தான். ஒருமுறை அம்மா பித்தளைக் குடம் வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். விளிம்பைச் சுண்டிவிட்டு, "ஒடஞ்சிருக்கு, வேணாம்" என்றார். கடைக்காரர் பதறிப்போனார். "அரே, புது மால் பாய் இது! பெட்டியப் பிரிச்சதே இப்பதான்!" மாமா குடத்தில் தண்ணீர் நிரப்பி, பழைய பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பேப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

அவருக்குப் பெண் பார்த்த கதையை அத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "மூஞ்சியையே பாக்கல இந்த ஆளு. உள்ள நான் நடந்தேன். கொலுசு சத்தத்தக் கேட்டுட்டு 'சரி'ன்னுட்டாரு. நான் குருடியா இருந்திருந்தாலும் கட்டியிருப்பாரு."

"குருடியா இருந்திருந்தா செவுத்துல முட்டற சத்தம் கேட்டிருக்கும்ல?" என்பார் மாமா.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் அவர் பிரஸ் ஓட்டினார். மேலிருந்து ஒரு கனத்த அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். அடித்த அடியில் தகடு மூடியாகவோ கிண்ணமாகவோ வளைந்துவிடும். அந்த அச்சுக்கு டை என்று பெயர். முன்னால் ஒருவர் நின்று தகட்டை வைத்துப் பெடலை மிதிப்பார். பின்னால் ஒருவர் நின்று, அடித்து முடிந்த பாகத்தை வெளியே எடுப்பார். முன்னால் நிற்பவர் மாமா. பின்னால் நின்றவர் ஆனேக்கல்லைச் சேர்ந்த கன்னடக்காரர். பதினொரு வருடம் இருவரும் ஒரே பிரஸ்ஸில் ஜோடி. பண்டிகைக்கு அவர் வீட்டு ஒப்பட்டு, நம் போளிதான், எங்கள் சந்து வரைக்கும் வரும்.

காதுக்குள் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். போட்டார்களா என்று யாரும் பார்த்ததில்லை. மாமா அதைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். ஏன் என்று அத்தை கேட்டபோது அவர் சொன்ன பதிலை எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான சுவர் வழியாக நானே கேட்டிருக்கிறேன். "காத அடச்சிக்கினா டை அழுவுறது எப்படிடி தெரியும்? ஒடையறதுக்கு முன்னாடி சன்னமா ஒரு அழுக அழும். அத மொதல்ல கேக்கறவன்தான் ஆபரேட்டரு. மத்தவனெல்லாம் பெடல் மிதிக்கிறவன்." உடையவிருந்த டைகளை முன்கூட்டியே கண்டுபிடித்ததற்காகத் தொழிற்சாலை கொடுத்த கடிகாரம் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. அந்தப் பிரஸ் ஷாப்பில் நல்ல ஆபரேட்டர் யாரும் காதை அடைத்துக்கொள்ளவில்லை. அடைத்துக்கொண்டவன் கத்துக்குட்டி.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய மாதத்தில் அவர் வீட்டில் டேப் ரிக்கார்டர் பாடவில்லை. நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே நிறுத்தினார். ஒருநாள் அத்தை மறந்துபோய் ரேடியோவைப் போட்டபோது, "பக்கத்துல ஒரு புள்ள படிக்குது, ஒனக்குப் பாட்டு கேக்குதா?" என்று அவர் அதட்டியதும் சுவர் வழியாகவே வந்தது. வேலை முடிந்து வந்தால் பாட்டு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு மாதம் எப்படிச் சாப்பிட்டாரோ.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் அவருடைய அண்ணன் பம்பை அடிப்பார், இன்னொருவர் உடுக்கை அடிப்பார், இவர் தாளம் தட்டுவார். தாளம் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு வெண்கலக் கிண்ணங்கள். அண்ணன் இறப்பதற்கு முந்தைய வருடம் யாரோ அதைப் பதிவு செய்து கொடுத்தார்கள். பம்பைக்கு நடுவே அவருடைய வெண்கலம் கணீர் கணீரென்று வெட்டிக்கொண்டு வரும். எங்கள் சந்துக் குழந்தைகளுக்கெல்லாம் அந்தக் கேசட் மனப்பாடம்.

எப்போது ஆரம்பித்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் சுண்டிக் கொடுத்த தேங்காய் ஒருநாள் எங்கள் வீட்டில் அழுகிப் போயிருந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. "இப்ப வர்ற காயே சரியில்ல" என்றார். முன்பெல்லாம் செருப்புச் சத்தத்தை வைத்தே சந்தில் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அதை நிறுத்திவிட்டு, "இப்ப எல்லாம் ரப்பர் செருப்பு, பூனையாட்டம் வர்றாங்க" என்றார். ஒருநாள் அத்தை குழாயடியில் வெட்கமும் சிரிப்புமாகச் சொன்னாள்: "கொலுச மாத்திட்டியான்னு கேக்குறாரு. அதே கொலுசுதான். இந்த வயசுல பாரு, என் கால கவனிக்கிறாரு." நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஒருநாள், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அவருடைய டூ-இன்-ஒன்னில் தாளம் மங்கிவிட்டது என்று கண்டுபிடித்தார். ஹெட்டைத் துடைத்தார், பெல்ட்டை மாற்றினார். பெட்டியே பழசாகிவிட்டது, நல்ல ஸ்பீக்கர் ஜோடியும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். லீவு நாட்களில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போவார். கடை கடையாக அந்தக் கேசட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். "பம்ப நல்லாத்தான் இருக்கு. நான் அடிச்சது எங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். இரண்டு வருடம். கடைப் பையன்கள் அவரைக் கண்டதும் "கேசட்டு வந்துட்டாருப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். கஞ்சன், வாங்குகிற ஆள் இல்லை என்று பெயர் வந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு ஷோரூமில் வேலை கிடைத்ததும் எஸ்.பி. ரோட்டை விட்டுவிட்டு என்னிடம் வர ஆரம்பித்தார். எங்கள் டெமோ அறையின் சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் வராது. முதல் தடவை அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு ஜோடி ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, "இதுலயும் தாளம் இல்ல" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நல்லா கேக்குது மாமா" என்றேன். அதற்குத்தான் படித்த காதைப் பற்றிய அந்தக் கேள்வி. கதவு திறந்திருந்தது. முதலாளி கல்லாவில் இருந்து கேட்டார், "யாரம்மா இவரு, வாங்கறதுக்கா, சும்னே டைம் பாஸா?"

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

புதிதாக ஃபிளாட் வாங்கிய கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று வந்திருந்தது. இருவருக்கும் ஐ.டி. வேலை. கணவனுக்கு ஜன்னல் அதிர வேண்டும். மனைவிக்கு ஸ்பீக்கர் சோபா நிறத்துக்குப் பொருந்த வேண்டும், அறையை அடைக்கக் கூடாது. ஹோம் தியேட்டர் விற்பது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே பஞ்சாயத்து செய்வதுதான். நான் இரண்டு செட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். விற்க வேண்டிய செட்டை மட்டும் இரண்டு புள்ளி கூடுதல் சத்தத்தில் வைத்திருந்தேன். சற்றே சத்தமாக ஒலிப்பது சற்றே தெளிவாக ஒலிப்பதாக எல்லோருக்கும் தோன்றும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை, முதலாளி முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மாமா மூலையில் ஸ்டூலில் கேசட்டோடு காத்திருந்தார். "தம்பி, ரெண்டையும் ஒரே சவுண்டுல வெக்கச் சொல்லிக் கேளு" என்றார். "இவ ஒண்ண ஏத்தி வெச்சிருக்கா."

கணவன் என்னைப் பார்த்தான். "அப்படியா மேடம்?"

எனக்கு முகம் எரிந்தது. அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே முதலாளி எழுந்து நின்றுவிட்டார். நான் இரண்டையும் சமமாக வைத்தேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று மனைவி சொன்னாள்.

"அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க அங்கிள்" என்றான் கணவன், சிரித்துக்கொண்டே.

மாமா கேசட்டை நீட்டினார். மூன்று ஜோடிகளில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான். "இதுல தாளமே வரல."

"வருதே அங்கிள். டிங் டிங்னு நல்லா கேக்குதே" என்றாள் மனைவி.

"அது உடுக்கையோட வளையம்மா" என்றார் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

அப்போது எனக்குள் என்ன இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவரை அதே நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று இருந்தது. ஸ்பீக்கர்களைச் சோதிக்க எங்களிடம் ஒரு சிடி உண்டு. பாட்டு இருக்காது. வெறும் ஒலிகள் மட்டும், கனத்ததிலிருந்து கீச்சென்ற மெல்லியது வரை, ஹெர்ட்ஸ் எண் ஏற ஏற ஒவ்வொன்றாக வரும்.

"மாமா, உங்க காதுக்கு ஒரு பரீட்சை வெக்கட்டுமா?"

"வையேன் இஞ்சினியரு. காதுக்கு வெக்கிற பரீட்சையில நான் ஃபெயிலா?"

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். ஒலி கேட்டதும் விரலைத் தூக்க வேண்டும். முதலாளி உள்ளே வந்து கதவோரம் நின்றார். ஐந்நூறு. விரல் உயர்ந்தது. ஆயிரம். உயர்ந்தது. இரண்டாயிரம். கொஞ்சம் தாமதித்து, பாதி உயர்ந்தது. நாலாயிரம்.

விரல் முழங்காலிலேயே இருந்தது.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அந்த ஒலி ஊசி மாதிரி. மனைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கணவன் முகத்தைச் சுளித்தான். முதலாளி, "ஏனம்மா மாட்தா இத்தியா? ட்வீட்டர் ஹோகுத்தே!" என்று கன்னடத்தில் கத்தினார், என்ன செய்கிறாய், ட்வீட்டர் போய்விடும் என்று. ட்வீட்டர் என்பது மெல்லிய ஒலிகளுக்கென்று பெட்டியின் மேல்பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர். அளவுக்கு மீறினால் அதுதான் முதலில் எரிந்துபோகும். மாமா அசையவில்லை. கண்களை மூடி, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, உதட்டில் சின்னச் சிரிப்போடு காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணைத் திறந்து, "இன்னும் போடலியா?" என்றார்.

காதைப் பொத்திய கைகளை அப்போதுதான் பார்த்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என் முகத்தை.

நான் சிடியை நிறுத்தினேன். என்ன செய்வதென்று தெரியாமல், எந்த டெமோவுக்குப் பின்னும் செய்கிற வேலையைச் செய்தேன். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, எந்த ஒலி, எவ்வளவு சத்தம், கேட்டதா இல்லையா என்று எழுதினேன். அவர் கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"தெரியாதுன்னு நெனைக்கிறியா எனக்கு?" என்றார். "கொஞ்சம் தெரியும். இம்மாந்தூரம்னு தெரியாது."

"டாக்டர்கிட்ட போலாம் மாமா."

"வருசா வருசம் ஃபேக்டரியில ஒரு டாக்டரு பாக்குறாரே. நல்லா கேக்குதுன்னு சீட்டு குடுக்குறாரே."

"அது எப்படி?"

"பின்னாடி நின்னுக்கினு மெதுவா நம்பர் சொல்வாரு. நாம திருப்பிச் சொல்லணும். எதிர்ல மருந்து பீரோ. கண்ணாடிக் கதவு. அவரு வாய் அதுல நல்லா தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. "யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. ஒங்க அத்தைகிட்ட கூட. தெரிஞ்சா பிரஸ்ஸ வுட்டு எடுத்துத் தரையக் கூட்டறதுக்கு அனுப்பிடுவாங்க. அதக்கூடத் தாங்கிக்குவேன். செவிடன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா அப்புறம் எனக்கு இன்னா இருக்குது?"

"இனிமேலாவது காதை அடச்சுக்கோங்க."

"காலி வூட்டுக்குப் பூட்டா?"

நான் சத்தியம் செய்தேன். அவரை அவமானப்படுத்தியதற்கு நான் செய்ய முடிந்த ஒரே பரிகாரம் அதுதான் என்று தோன்றியது. இந்த மனிதர் நாளைக்கும் ஒரு பிரஸ்ஸின் முன்னால் நிற்பார், எதிரில் இன்னொருவர் கையை உள்ளே விடுவார் என்பது என் படித்த மூளைக்கு எட்டவில்லை.

ஏழு மாதம் கழித்து நடந்தது. அடித்த பாகம் டையில் ஒட்டிக்கொண்டது. ஆனேக்கல்காரர் அதைப் பிடுங்க வலது கையை உள்ளே விட்டார். கையுறை மாட்டிக்கொண்டது. "நில்ஸு" என்று கத்தினார், நிறுத்து என்று. மூன்று முறை கத்தினார். முன்னால் மாமா அடுத்த தகட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்திருந்தார். பெடலை மிதித்தார்.

இரண்டு விரல்கள்.

மாமா அன்று வீட்டுக்கு வந்து குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். விசாரணை வைத்தார்கள். என்ன ஆனது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கத்தியது உனக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். காது கேட்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதைச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்தோம், விளையாட்டில் கவனிக்கவில்லை என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேசிக்கொண்டே வேலை செய்தது ஒழுங்கீனம் என்று இருவரையுமே வெளியே அனுப்பினார்கள். விரல் போனவரையும் சேர்த்து.

அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் அத்தையின் ஊருக்குப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் சொல்லிக்கொள்ள வந்தாள்.

ஒரு வருடம் போல ஆனபின் ஆனேக்கல்காரர் எங்கள் சந்துக்கு வந்தார். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் கதவைத் தட்டினார். இடது கையில் ஒரு ஃபைல். லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். கன்னடமும் தமிழுமாகப் பேசினார். "நாங்க பேசவே இல்லம்மா. அந்தச் சத்தத்துல யாரு பேச முடியும்? நான் கத்துனேன், அவருக்குக் கேக்கல. அவங்க டாக்டர் சீட்டு காட்டுறாங்க, அவரு காது சென்னாகிதே, நல்லா இருக்குன்னு. நீங்க பக்கத்து வீடு. பதினொரு வருசம் ஜோடியா நின்னேன், எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுமா, அவருக்குக் காது எப்படின்னு?"

அவர் மாமாவைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. எப்படி இருக்கிறார் என்றுதான் இரண்டு முறை கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். மூன்று விரல் கையால் எங்கள் வீட்டு கேட் கொக்கியைப் போட அவர் பட்ட பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். மாமாவிடம் நேரில் சொல்லி, அவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்துவிடலாம் என்று நம்பினேன். ஒற்றை அறை வீடு. கதவுக்கு முன்பே பம்பைச் சத்தம் வந்தது, தெரு அதிர. உள்ளே ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், சுவரோடு சுவராக. கடைசியில் வாங்கிவிட்டிருந்தார். ஆம்ப்ளிஃபயரில் மெல்லிய ஒலியை ஏற்றும் ட்ரெபிள் குமிழ் கடைசி வரை திருப்பி வைத்திருந்தது. அத்தை இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மாமா எழுந்து, சிரித்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்தப் பெட்டிகளில் ஏதோ குறை இருந்தது. சில நொடிகளில் எனக்குப் புரிந்தது. பம்பை இருந்தது, உடுக்கையின் அடி இருந்தது. மேலே ஒன்றுமே இல்லை. கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. அருகில் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். இரண்டு பெட்டியிலும் ட்வீட்டர் எரிந்து போயிருந்தது. அத்தனை ட்ரெபிளை அது எத்தனை நாள் தாங்கும்? கேசட்டில் இருந்த தாளத்தில் ஒரு துளிகூட அந்த அறைக்குள் வரவில்லை. எனக்கும் கேட்கவில்லை, யாருக்குமே கேட்டிருக்காது.

மாமா என் தோளைத் தொட்டார். உள்ளங்கையைக் குவித்துத் தாளம் தட்டுவதுபோல் காட்டினார்.

"இதுல கேக்குது பாரு" என்றார். "எவ்ளோ சுத்தமா கேக்குது!"

அவருக்குப் பின்னால் அத்தை என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

பிறகு அத்தை கேசட்டை நிறுத்தினாள். ஆனேக்கல்காரர் வந்ததைச் சொன்னேன். முகத்துக்கு நேராக நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். எல்லாம் புரிந்தது. "பேசிக்கினுதான் இருந்தோம்" என்றார். "நீங்க பேசல மாமா. அவருக்கு வேலையும் போச்சு, பேரும் போச்சு" என்றேன். என் உதட்டிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு, "கவனமில்லாதவன்னு சொல்லட்டும். குடிச்சிருந்தான்னு கூடச் சொல்லட்டும். அது மட்டும் வேணாம்" என்றார். "நீ சத்தியம் பண்ணியிருக்க."

அத்தை பஸ் ஏற்ற வந்தாள். பஸ் வந்தபின், "அவரு அவ்ளோ கெட்டவரு இல்லடி" என்றாள்.

எனக்கும் தெரியும். நல்லவரா கெட்டவரா என்பதை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. இன்றும் அவரை நினைத்தால் கண்ணை மூடி விரலைத் தயாராக வைத்துக் காத்திருந்த முகம்தான் வருகிறது. அது வருகிறபோதெல்லாம், கேட் கொக்கியோடு போராடிய கையும் கூடவே வந்துவிடுகிறது.

மறுநாள் ஷோரூமில் பழைய டெமோ நோட்டுகளைத் தேடி அந்தப் பக்கத்தை எடுத்தேன். முதலாளியிடம் கேட்டு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டேன். "ஆகட்டும், நானும் அங்க இருந்தேன்னு எழுதிக்கோ" என்று மட்டும் சொன்னார். ஆனேக்கல்லுக்குப் போய், தெரியாது என்று நான் சொன்னது பொய் என்று அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அவர் என்னைத் தன் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். எந்தெந்த ஒலி அவருக்குக் கேட்டது, எது கேட்கவில்லை, மருந்து பீரோவின் கண்ணாடிக் கதவு, ஆணியில் தொங்கிய ரப்பர், எல்லாம். விபத்துக்கு ஏழு மாதம் முன்பே எனக்கு இது தெரியும், தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். இந்த வரி கேஸுக்குத் தேவையில்லை, உங்களைத்தான் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், எடுத்துவிடலாம் என்றார் வக்கீல். இருக்கட்டும் என்றேன். மூன்று பக்கத்தையும் படித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.